டிஸ்னி பிளஸ்ஸின் பழைய கார்ட்டூன்கள்: சிங்கப்பூர்ப் பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

டிஸ்னி பிளஸ் சேவை 2021 பிப்ரவரி 23 அன்று சிங்கப்பூருக்கு வந்தது. மாதத்துக்கு 11.98 வெள்ளி, ஆண்டுக்கு 119.98 வெள்ளி என்பது அன்றைய கட்டணம். அதன் பிறகு கட்டணமும் திட்டங்களும் மாறியுள்ளதால், புதிதாகச் சந்தா எடுப்பவர்கள் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதில் வரும் புதிய படங்களையும் தொடர்களையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் மதிப்பிட எடுத்துக்கொள்வது அந்தச் சேவையின் ஒரு பகுதியை மட்டுமே, அதாவது 1928இல் தொடங்கி 1970 வரை வெளிவந்த பழைய கார்ட்டூன்களை. நம் வீடுகள் பலவற்றில் இந்தச் சந்தா கட்டப்படுவதே பிள்ளைகளுக்காகத்தான். பழைய படம் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கையில், பெற்றோர் ஒரு படத்தைப் போட்டுவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கப் போகும்போது ஓடிக்கொண்டிருப்பவையும் இவைதாம். அவற்றில் எந்த மக்கள் எப்படி வரையப்பட்டிருக்கிறார்கள், அதைப் பற்றி இந்தச் சேவை பார்வையாளரிடம் என்ன சொல்கிறது என்பதே இங்கு என் அக்கறை.

படத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கறுப்பு வெள்ளைக் குறும்படங்கள்கூடத் தூசியும் கீறலும் நீக்கப்பட்டுத் தெளிவாக இருக்கின்றன. எனவே நேராக, சில படங்களுக்குச் சேவை சேர்த்திருக்கும் முன்னறிவிப்புக்கு வருகிறேன்.

2019 நவம்பரில் அமெரிக்காவில் சேவை தொடங்கியபோது, சில படங்களின் விவரக் குறிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. படம் உருவாக்கப்பட்ட வடிவிலேயே காட்டப்படுகிறது, காலத்துக்கு ஒவ்வாத பண்பாட்டுச் சித்திரிப்புகள் இருக்கக்கூடும் என்பதே அதன் சாரம். 2020 அக்டோபரில் அது ஒரு தனி அறிவிப்பாக வளர்ந்தது. படம் தொடங்கும் முன், தாண்டிச் செல்ல முடியாதபடி, 12 விநாடி திரையில் நின்றது. மக்களையும் பண்பாடுகளையும் தவறாகச் சித்திரித்தது அன்றும் தவறு, இன்றும் தவறு என்று அது ஒப்புக்கொண்டது. அவற்றை நீக்கிவிடாமல், அவை விளைத்த தீங்கிலிருந்து கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னது. சிங்கப்பூருக்குச் சேவை வந்தபோது நடப்பில் இருந்தது இந்த வடிவமே. 2025 பிப்ரவரியில், அறிவிப்பை மீண்டும் சுருக்கி, படத்துக்கு முன்னால் தானாகத் தோன்றுவதை விடுத்து விவரப் பக்கத்துக்கு நகர்த்த நிறுவனம் முடிவு செய்ததாகச் செய்தி வந்தது. சுருக்கப்பட்ட வாசகம் சொல்வது, படம் உருவாக்கப்பட்ட வடிவிலேயே காட்டப்படுகிறது, அதில் இத்தகைய சித்திரிப்புகள் இருக்கக்கூடும் என்பதை மட்டுமே.

இந்த மாற்றத்தில் விட்டுப்போனது, அன்றும் தவறு என்ற சொற்கள்தாம். அவைதான் அந்த அறிவிப்பிலேயே மதிப்புமிக்கவை என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் பழைய படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பெரும்பாலோர் உடனே சொல்வது, அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, யாருக்கும் அது தவறாகப் படவில்லை என்பதே. அது உண்மையன்று. வால்டர் லான்ட்ஸ் தயாரித்து 1941இல் வெளிவந்த ஒரு குறும்படம், தென் மாநிலக் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றைத் தூங்குமூஞ்சிகளின் ஊராகக் காட்டியது. அதை மறுபடி திரையிட்டபோது, கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் 1948இல் வெளிப்படையாக எதிர்த்தது; அடுத்த ஆண்டே யுனிவர்சல் நிறுவனம் படத்தைத் திரும்பப் பெற்றது. கேலிக்கு ஆளானவர்களுக்கு அது கேலி என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. அவர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். கேட்க வேண்டியவர்கள்தாம் பல காலம் கேட்கவில்லை. அன்றும் தவறு என்ற ஒப்புதல், அந்தக் குரல்களுக்குக் காலம் கடந்து கிடைத்த மரியாதை. அதைச் சுருக்கியது சேவைக்கு நேர்ந்த இழப்பு.

ஆனால் 2020இன் நீண்ட அறிவிப்பிலும் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. எல்லாப் படங்களுக்கும் அதே வாசகம். யாரை, எந்தக் காட்சியில், எப்படி என்பதை அது சொல்வதில்லை. இதன் விளைவு 'டம்போ' படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

'டம்போ' 1941 அக்டோபரில் வெளிவந்தது. டம்போ என்ற சர்க்கஸ் யானைக்குட்டியின் கதையைச் சொல்லும், 64 நிமிடம் ஓடும் சிறிய படம். இந்தப் படத்துக்கு எதற்கு அறிவிப்பு என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் காகங்களைக் காட்டுவார்கள். மரக்கிளையில் உட்கார்ந்து டம்போவைப் பார்த்துச் சிரித்துப் பாடும் அந்தக் காகங்களின் பேச்சு, உடை, ஆட்டம் எல்லாம் அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் பார்த்து எடுத்தவை. தலைமைக் காகத்துக்குத் தயாரிப்பின்போது வைத்திருந்த பெயர் ஜிம் குரோ. 1830களில் வெள்ளை நடிகர் ஒருவர் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் ஆடிப் புகழ்பெற்ற பாத்திரத்தின் பெயர் அது. பின்னாளில், கறுப்பினத்தவரைப் பள்ளியிலும் பேருந்திலும் உணவகத்திலும் ஒதுக்கிவைத்த தென் மாநிலச் சட்டங்களையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். தலைமைக் காகத்துக்குக் குரல் கொடுத்த கிளிஃப் எட்வர்ட்ஸ் வெள்ளையர். மற்றக் காகங்களுக்கு ஹால் ஜான்சன் பாடகர் குழுவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், காகங்களைப் பற்றிய என் எண்ணம் ஒரே பக்கமாகச் சாயவில்லை. யானைகள் ஒதுக்கிய குட்டியை, சுண்டெலியை விட்டால், பரிவோடு சேர்த்துக்கொள்வது இந்தக் காகங்கள்தாம். அவற்றுக்குச் சொந்தப் புத்தி இருக்கிறது, சாதுரியமான பேச்சு இருக்கிறது, தவறு செய்தால் வருந்தும் மனம் இருக்கிறது. படத்திலேயே நல்ல பாட்டு அவற்றுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்தப் பாட்டில் கேட்கும் கறுப்பினப் பாடகர்களின் குரல் அழகும் தாளமும் கேலியாகக் கழித்துவிடக் கூடியவை அல்ல. இதனால்தான் திரைப்பட ஆய்வாளர்களிடையேயும் காகங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

உண்மையில் என்னை உலுக்கியது வேறொரு காட்சி. காகங்கள் வருவதற்கு வெகு முன்பே, கொட்டும் மழையில், நள்ளிரவில், சர்க்கஸ் கூடாரம் எழுப்பப்படுகிறது. முளை அடிப்பவர்கள், கயிறு இழுப்பவர்கள், கம்பம் தூக்குபவர்கள் அனைவரும் கரிய உடல் கொண்ட தொழிலாளர்கள். அவர்களுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் வரையப்படவில்லை. அவர்கள் வாயில் வைத்த பாட்டோ, தங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், கூலி கிடைத்ததும் அதை வீணடித்துவிடுவோம் என்றும், ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்றும் அவர்களையே சொல்லவைக்கிறது. விலங்குகளுக்குப் புருவத்தின் ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்து வரைந்த அதே கலைஞர்கள், அந்த விலங்குகளுக்குக் கூடாரம் கட்டும் மனிதர்களுக்கு முகம் வரையவில்லை. காகங்களைப் பற்றி எழுதப்பட்டதில் சிறு பங்குகூட இந்தக் காட்சியைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

"அப்பா, இவங்களுக்கு ஏன் மூஞ்சியே இல்ல?" என்று என் மகள் கேட்டாள். பொதுவான அறிவிப்பு எதுவும் அந்தக் கேள்விக்கு விடை தராது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து நம் அடுக்குமாடி வீடுகளையும் பெருவிரைவு ரயில் நிலையங்களையும் கட்டும் வெளிநாட்டு ஊழியர்களை அவள் அன்றாடம் பார்க்கிறாள். தமிழில் பேசிக்கொண்டு லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து போகும் அவர்களை அவளுடன் படிப்பவர்கள் எத்தனை பேர் முகமுள்ள மனிதர்களாகப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அவளுடைய கேள்வி கூடாரம் கட்டியவர்களிலிருந்து தொடங்கி இவர்களிடம் வந்து நின்றது. அந்த உரையாடலுக்காகவே இப்படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாம் என்பேன். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தக் காட்சியில் நிறுத்திப் பேசவேண்டும் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த உதவியைத்தான் சேவையிடம் நான் எதிர்பார்க்கிறேன்.

முகத்தில் கரி பூசும் மேடை மரபைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய கார்ட்டூன்களின் வேரே அங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளை நடிகர்கள் முகத்தைக் கருப்பாக்கி, வாயைச் சுற்றி அகலமாக வெளிர்நிறம் தீட்டி, வெள்ளைக் கையுறை அணிந்து, கறுப்பினத்தவரைச் சோம்பேறிகளாகவும் அசடர்களாகவும் நடித்துக்காட்டிப் பெருங்கூட்டத்தைச் சிரிக்கவைத்தார்கள். கார்ட்டூன் பிறந்தபோது அந்த மேடை இன்னும் உயிரோடு இருந்தது. வின்சர் மெக்கே 1911இல் வரைந்த முன்னோடிப் படத்திலேயே ஆப்பிரிக்கரைக் கேலி செய்யும் ஓர் உருவம் இருக்கிறது. வார்னர் பிரதர்ஸின் லூனி டியூன்ஸ் வரிசையில் 1930இல் வெளிவந்த முதல் குறும்படத்தின் நாயகன் போஸ்கோ, கறுப்பினச் சிறுவனாகவே பதிவு செய்யப்பட்ட பாத்திரம். கரிய உடல், அகன்ற வாய், வெள்ளைக் கையுறை என்ற கோலம் அதன் பின் எத்தனையோ எலிகளுக்கும் பூனைகளுக்கும் வந்து சேர்ந்தது. 1928இன் 'ஸ்டீம்போட் வில்லி'யில் ஆடு ஒன்று இசைத்தாளைத் தின்றுவிட, அதன் வாலைச் சுழற்றி மின்னியும் மிக்கியும் இசைக்கும் மெட்டும், கரி பூசிய அந்த மேடைகளில் கறுப்பினத்தவரை எள்ளிப் பாடப்பட்டுப் புகழ்பெற்ற மெட்டுத்தான். மிக்கியைக் குழந்தைகளிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதற்காக இதை நான் சொல்லவில்லை. சில படங்களுக்கு மட்டும் எச்சரிக்கை ஒட்டினால் மற்றவை தூய்மையானவை என்ற எண்ணம் பார்வையாளருக்கு ஏற்படுகிறது. வரலாறு அவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2019 ஜூலையில் சிங்கப்பூரில் வெளிவந்த, மின்னிலக்கமுறையில் பணம் செலுத்தும் சேவைக்கான விளம்பரம் ஒன்றை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அதில் சீன நடிகர் ஒருவரே பல பாத்திரங்களாக வேடமிட்டிருந்தார். இந்திய ஆடவராக அவர் தோன்றிய படத்தில் தோல் கருமையாக்கப்பட்டிருந்தது. சட்டையில் முத்துசாமி என்று பெயர் எழுதியிருந்தது. எதிர்ப்பு எழுந்து, விளம்பரம் நீக்கப்பட்டு, மன்னிப்பும் கேட்கப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தில், இதில் புண்பட என்ன இருக்கிறது என்று மெய்யாகவே புரியாமல் கேட்டவர்கள் பலர். கரி பூசிய மேடையையும் அதிலிருந்து பிறந்த கார்ட்டூன்களையும் பற்றி அவர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

அடுத்து, வெட்டப்பட்டவை. நீக்குவதற்குப் பதில் கற்றுக்கொள்ள விரும்புவதாக 2020இன் அறிவிப்பு சொன்னது. ஆனால் நீக்கும் வேலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. 1940இன் 'ஃபேன்டேசியா'வில் பீத்தோவன் இசைக்கு வரும் பகுதியில், பாதிப் பெண்ணும் பாதிக் குதிரையுமான வெண்ணிற அழகிகளுக்குக் குளம்பு துடைத்துவிடும் கறுப்பினச் சிறுமி ஒருத்தி இருந்தாள். சூரியகாந்தி என்று பெயர்; அவளுக்கு மட்டும் கழுதை உடல். 1960களின் இறுதியில் படம் மறுபடி திரைக்கு வந்தபோது அவள் இருந்த காட்சிகள் எடுக்கப்பட்டன. இன்றைய படத்தில் அவள் இல்லை. ஆனால் மதுக்கடவுளுக்கு விசிறி வீசிப் பணிவிடை செய்யும், வரிக்குதிரை உடல் கொண்ட இரண்டு கரிய பெண்கள் அப்படியே இருக்கிறார்கள். 1933இன் மூன்று பன்றிக்குட்டிகள் குறும்படத்தில் ஓநாய், ஒட்டுமூக்கும் தாடியும் வைத்து, பேச்சையும் மாற்றிக்கொண்டு, யூதச் சில்லறை வியாபாரியாக வேடமிட்டு வந்தது. யூதப் பேரழிவுக்குப் பின்னர், 1948இல் அந்தக் காட்சி மாற்றி வரையப்பட்டது. இன்று பரவலாகக் கிடைப்பது மாற்றப்பட்ட வடிவமே.

பிள்ளைகள் பார்க்கும் படத்திலிருந்து இவற்றை எடுத்ததை நான் குறை கூற மாட்டேன். என் மகள் சூரியகாந்தியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் எடுத்ததைச் சொல்லாமல் விடுவது வேறு விஷயம். உருவாக்கப்பட்ட வடிவிலேயே காட்டுகிறோம் என்று அறிவிக்கும் சேவை, எந்தெந்தப் படங்களில் அந்த வடிவம் இல்லை என்பதையும் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

முழுப்படமாகவே மறைக்கப்பட்டது 1946இன் 'சாங் ஆஃப் தி சவுத்'. நடிகர்களோடு கார்ட்டூனும் கலந்த இப்படம், தோட்ட முதலாளிகளின் நிழலில் கறுப்பினத்தவர் மகிழ்ச்சியாக வாழ்ந்ததுபோல் காட்டுகிறது. இது டிஸ்னி பிளஸ்ஸில் வராது என்று நிறுவனத் தலைவர் பாப் ஐகர் 2020 மார்ச்சில் பங்குதாரர்களிடம் சொல்லிவிட்டார். அந்த முடிவு எனக்கு ஏற்புடையதே. ஆனால் படத்தோடு சேர்ந்து ஜேம்ஸ் பாஸ்கெட் என்ற நடிகரும் மறைந்துபோகிறார் என்பது மனத்தை உறுத்துகிறது. படத்தின் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் அவர். 1946 நவம்பரில் அட்லாண்டா நகரில் முதல் காட்சி நடந்தபோது, அங்கிருந்த இன ஒதுக்கல் சட்டங்களால் அவரால் அதில் கலந்துகொள்ள இயலவில்லை. 1948இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது தரப்பட்டது. அதே ஆண்டில் இறந்துபோனார். படத்தைக் காட்ட வேண்டாம். அவருடைய கதையைச் சொல்லும் ஓர் ஆவணப்படத்தையாவது இந்தச் சேவை எடுத்து வழங்கலாம்.

ஆசியரைக் காட்டும் படங்களுக்கு வந்தால், சிங்கப்பூரில் அவற்றைப் பார்ப்பது தனி அனுபவம். 1955இன் 'லேடி அண்ட் தி டிராம்ப்' படத்தில் வஞ்சகச் சயாமியப் பூனைகள் இரண்டு, உடைந்த ஆங்கிலத்தில் பாடுகின்றன. 1970இன் 'தி அரிஸ்டோகேட்ஸ்' படத்திலோ, சாய்ந்த கண்ணும் துருத்திய பல்லும் கொண்ட பூனை ஒன்று உணவுக் குச்சிகளால் பியானோ வாசித்துக்கொண்டு, சீன ஊர்களின், உணவுகளின் பெயர்களை அடுக்கிப் பாடுகிறது. இரண்டுக்குமே குரல் கொடுத்தவர்கள் ஆசியர் அல்லர். நம் மாடியில் தமிழ்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் கூடி இதைப் பார்க்கும்போது, அங்கே கேலிக்கு ஆளாவது இங்கே பெரும்பான்மையாக இருக்கும் சமூகம். பள்ளிக்கூடத்தில் தம் நிறத்துக்காகவோ பெயருக்காகவோ கேலி கேட்ட தமிழ்ப் பிள்ளைகளும், அந்தப் பூனையைப் பார்த்து முகம் சிவக்கும் சீனப் பிள்ளைகளும் ஒருவர் நிலையை மற்றவர் உணர்ந்துகொள்ள இது அரிய வாய்ப்பு. இன நல்லிணக்க நாளில் உடை மாற்றிக்கொண்டு படம் எடுப்பதைவிட இது ஆழமாகப் பதியும் என்று நம்புகிறேன்.

நம்மவர் கதை என்று சொல்லக்கூடியது 1967இன் 'தி ஜங்கிள் புக்'. காடு இந்தியாவில் இருக்கிறது. பகீரா, பாலு, ஹாத்தி என்ற பெயர்கள் இந்தி. ஆனால் முக்கியப் பாத்திரம் எதற்கும் இந்தியக் குரல் இல்லை. மௌக்லிக்குக் குரல் கொடுத்தவன் இயக்குநர் வூல்ப்காங் ரைதர்மனின் மகன் புரூஸ். இறுதியில் குடத்தோடு தண்ணீர் எடுக்க வரும் சிறுமி, தந்தை வேட்டைக்கும் தாய் சமையலுக்கும் போக, தானும் வளர்ந்து அப்படியே வாழப்போவதாகப் பாடுகிறாள். படத்தில் முகம் காட்டிப் பாடும் ஒரே இந்தியப் பெண்ணுக்குத் தரப்பட்ட கனவு அவ்வளவே. மனிதனாக ஆசைப்படும் குரங்கரசன் பாத்திரத்தைப் பற்றியும் நீண்ட விவாதம் உண்டு. ஜாஸ் இசையில் பாடும் அந்த ஒராங் உத்தானுக்கு இத்தாலிய அமெரிக்கரான லூயி பிரிமா குரல் கொடுத்தார். பாட்டின் நடையோ கறுப்பினத்தவர் வளர்த்த இசை நடை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டுமே வாழும் ஒராங் உத்தானை இந்தியக் காட்டில் கொண்டுபோய் வைத்ததை, விலங்குத் தோட்டத்தின் புகழ்பெற்ற ஒராங் உத்தான் அஹ் மெங்கைப் பார்த்து வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கிப்ளிங் 1894இல் எழுதிய நூலில் இப்பாத்திரம் இல்லை. இத்தனைக்கும் பிறகும் இதன் ஓவியமும் இசையும் என்னை மகிழ்விக்கின்றன. குடும்பத்தோடு மறுபடியும் பார்ப்பேன்.

திரையில் தெரிந்த உருவங்களைப் போலவே, அவற்றை வரைந்த கைகளும் பேசப்பட வேண்டும். 1938இல் டிஸ்னி நிறுவனம் விண்ணப்பித்த பெண் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், படம் உருவாக்கும் படைப்புப் பணி முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள், அதற்கான பயிற்சிக்குப் பெண்கள் சேர்க்கப்படுவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. பெண்களுக்கு இருந்த வேலை, ஆண்கள் வரைந்ததை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தகடுகளில் மையிட்டு வண்ணம் தீட்டுவது. நான்கே ஆண்டுகளில், 1942இன் 'பேம்பி'யில், வேட்டை நாய்கள் மானைத் துரத்தும் கடுமையான காட்சியை வரைந்து ரெட்டா ஸ்காட் திரையில் பெயர் பெற்றார். அந்த நிறுவனத்தில் அனிமேட்டராகப் பெயர் போடப்பட்ட முதல் பெண் அவர். அதே படத்தின் மூடுபனி படர்ந்த காட்டுக்கு வடிவம் தந்தவர், சீனாவின் குவாங்டோங்கில் பிறந்து, சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் நடப்பில் இருந்தபோது சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து ஏஞ்சல் தீவில் தடுத்துவைக்கப்பட்ட டைரஸ் வோங். சீன மரபு ஓவியத்தின் வெற்றிடமும் மெல்லிய தூரிகை வீச்சும் அவர் வழியாகவே அப்படத்துக்கு வந்தன. படத்தில் அவர் பெயர் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே வந்தது. டிஸ்னி ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்துக்குப் பின் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2001இல்தான் நிறுவனம் அவரை டிஸ்னி மேதைகளின் வரிசையில் சேர்த்தது. கறுப்பினத்தவரான ஃபிளாய்ட் நார்மன் 1956இல் சேர்ந்து, பின்னர் 'தி ஜங்கிள் புக்' கதைக்குழுவில் பணியாற்றினார். கேலி உருவங்களும் இந்தக் கலைஞர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு முழு உண்மை கிடைக்கும். ஒவ்வொரு பழைய படத்துடனும் ஐந்து நிமிட அறிமுகம் ஒன்றைச் சேர்த்தால் போதும். இதை எளிதாகச் செய்துவிடலாம்.

செய்யக்கூடியதுதான் என்பதற்குச் சான்று இருக்கிறது. டிஸ்னியே 2001 முதல் வெளியிட்ட 'வால்ட் டிஸ்னி டிரெஷர்ஸ்' டிவிடி வரிசையில், திரைப்பட வரலாற்றாளர் லியனார்ட் மால்டின் திரையில் தோன்றி, சிக்கலான குறும்படங்களுக்கு முன்னால் அவற்றின் பின்னணியை விளக்குவார். வார்னர் பிரதர்ஸ் 2005இல் வெளியிட்ட 'லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்ஷன்' மூன்றாம் தொகுதியில், நடிகை வூப்பி கோல்ட்பெர்க் அந்தப் பணியைச் செய்தார். இந்தக் கேலிகள் தவறானவை. ஆனால் அவற்றை அழித்தால் அப்படிப்பட்ட வெறுப்பு இருந்ததே இல்லை என்று சொல்வதாகிவிடும் என்று, சிறுவயதில் இப்படங்களை விரும்பிப் பார்த்த ஒரு கறுப்பினப் பெண்ணே எதிரில் நின்று சொல்லும்போது, அதன் கனம் எழுத்தில் ஓடும் அறிவிப்புக்கு வராது. 4 வட்டுகள், 60 படங்கள் கொண்ட அந்தத் தொகுதியை இவ்விஷயத்தில் டிஸ்னி பிளஸ்ஸைவிட மேலாகவே மதிக்கிறேன். அதிலும் ஒரு விடுபாடு உண்டு: உரிமை வைத்திருந்த நிறுவனம் 1968இலேயே தொலைக்காட்சியிலிருந்து விலக்கிய பதினொரு வார்னர் படங்களில் எதுவும் அதில் இல்லை.

அந்தத் தொகுதியில் ஸ்பீடி கொன்சாலெஸ் வரும் குறும்படம் ஒன்றும் இருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த இந்த வேகமான எலியை 1999இல் அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க் ஒளிபரப்பிலிருந்து எடுத்தபோது, லத்தீன் அமெரிக்கர்களின் அமைப்பு ஒன்றே அவனைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டது. 2002இல் அவன் திரும்பினான். அவன் புத்திசாலி, தன் மக்களைக் காப்பவன் என்று அவர்கள் கண்டார்கள். சித்திரிக்கப்பட்டவர்களிடம் கேட்காமல் எடுக்கும் முடிவு, வெட்டுவதாக இருந்தாலும் விட்டுவைப்பதாக இருந்தாலும், அரைகுறையாகவே இருக்கும் என்பதை இந்த நிகழ்ச்சி எனக்குக் காட்டியது.

சேவையின் ஓர் ஏற்பாட்டைப் பாராட்ட வேண்டும். 'டம்போ', 'பீட்டர் பேன்', 'தி அரிஸ்டோகேட்ஸ்' முதலிய படங்கள் 2021இலிருந்து சிறுவர் கணக்குகளில் காட்டப்படுவதில்லை; பெரியவர்கள் கணக்கில் கிடைக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்டோர் தனியே இவற்றைப் பார்க்காமல் இருப்பது சரியே. ஆனால் சிறுவர் கணக்கை மட்டும் திறந்து வைத்திருக்கும் பெற்றோர், இப்படங்கள் இருப்பதையே மறந்துவிடக்கூடும். எனவே என் பரிந்துரை இது: பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுவர் கணக்கே போதும். தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகளோடு, பெரியவர் கணக்கைத் திறந்து, 'டம்போ'வையும் 'தி ஜங்கிள் புக்'கையும் உடனிருந்து பாருங்கள். பூர்வகுடி அமெரிக்கர்களை மிக மோசமாகக் காட்டும் 'பீட்டர் பேன்' படத்தைச் சற்றுத் தள்ளிப்போடலாம். 'பேம்பி'யை எந்த வயதிலும் பார்க்கலாம். தாய்மான் இறக்கும் இடத்தில் மட்டும் சிறு பிள்ளைகளை அணைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்ட்டூன்களுக்காக மட்டும் ஓராண்டுச் சந்தா கட்டத் தேவையில்லை. பள்ளி விடுமுறை மாதம் ஒன்றில் எடுத்து, மேற்சொன்ன படங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மேலே சொன்ன டிவிடி தொகுதிகளைத் தேட விரும்புபவர்கள் பழைய பொருள்களை விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அவற்றின் அமெரிக்கப் பதிப்புகள் மண்டலம் 1 குறியீடு உடையவை, சிங்கப்பூர் மண்டலம் 3இல் வருவது. எல்லா மண்டல வட்டுகளையும் ஓட்டும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.